தேனெடுப்பார் குருதியிலுள்ள காப்பு

கொல்லிமலை என்ற பெயரைக் கேட்ட அளவில், தமிழ் பயில்வார்க்கு வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் நினைவிற்கு வருதல் இயல்பு. அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது மலைத்தேன். செங்குத்தான பாறையில் ஏறித் தேனெடுப்பதற்கென மூங்கிலாற் கட்டிய கண்ணேணிக்கு நம் முன்னோர் மால்பு என்று பெயரிட்டனர். மலைபடுகடாம் பயின்றாரும் குறுந்தொகை பயின்றாரும் அச்சொல்லை அறிவர். தேனடைக்கு இறால் என்பது பழம்பெயர். ஏணிக்கும் அடைக்கும் தனித்தனிச் சொற்கள் மொழியில் வேரூன்றி நிற்றலைக் காணுங்கால், இத்தொழில் தமிழ்நாட்டு மலைகளில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக நடந்துவருதல் தெளிவாம். அத்துணைக் காலமாகத் தேனெடுப்பார் இருந்தனர் எனின், அத்துணைக் காலமாகத் தேனீக்களாற் கொட்டுண்டாரும் இருந்தனர் என்பது சொல்லாமலே அமையும். மால்பில் ஏறுவானுக்கு நேரும் இடரைப் புலவர் பாடினர். அவன் குருதியில் நிகழ்வது யாது என்பதைக் கண்டறியவோ, சென்ற நூற்றாண்டின் ஆராய்ச்சிக்கூடங்கள் வேண்டியிருந்தன. அதனையே ஈண்டு எழுதப் புகுகின்றேன். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனுக்கு இரத்தப் பரிசோதனையில் என்ன வேலை என்று விஞ்ஞானப் பகுதி நண்பர்கள் நகைக்கக்கூடும். மால்பு என்னும் சொல்லைத் தேடிப் போனவன் தேனீயிடம் அகப்பட்டுக்கொண்டான் என்று அவர்கள் கருதிக்கொள்க.

கொல்லிமலை இப்பொழுது நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று. மலைமேலுள்ள நாடு கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்திருக்கின்றது. காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உண்டு. இந்த எண்ணை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். பின்னர் இதனால் ஒரு பயன் உண்டு. மலைமேல் வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு முதலியன விளைத்தும், மிளகு, காப்பி, பலா, வாழை ஆகியவற்றைப் பேணியும், காட்டிலிருந்து தேன் எடுத்தும் வாழ்கின்றனர். தமிழ்நாட்டு மலைகளிலுள்ள தேனீக்களுள் பெரியது மலைத்தேனீ. பாறை நெற்றியிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒரே பேரடையைத் திறந்தவெளியிற் கட்டித் தொங்கவிடும். அடுக்குத்தேனீ மரப்பொந்துகளிற் பல அடைகளை அடுக்காகக் கட்டும். பெட்டியில் வைத்து வளர்ப்பதற்கும் இசையும். கொம்புத்தேனீ சிறியது. கொசுத்தேனீக்குக் கொட்டும் ஆற்றல் இல்லை. ஏனைய மூன்றும் கொட்டுவன. அவற்றுள் மலைத்தேனீயின் சினம் பெரிது.

மலையின்மேல் இருவர் நிற்கின்றனர் என வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆண்டுதோறும் தேனெடுக்கும் மலைவாழ் முதியவர். மற்றொருவர் சமவெளிக் கல்லூரியிலிருந்து அருவி காணச் சென்ற மாணவர். இருவரையும் தேனீக்கள் கொட்டுகின்றன. முதியவர் பத்துக் கொட்டுப் பட்டும் கொடுக்குகளை நகத்தாற் சுரண்டி எறிந்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கின்றார். கொட்டிய இடத்திற் சிறு தடிப்புத் தோன்றி மறைகின்றது. மாணவர் ஒரே கொட்டுத்தான் பட்டார். ஆயினும் சிறிது நேரத்தில் அவர் உடல் முழுதும் அரிப்பெடுக்கின்றது, உதடும் கண்ணிமையும் வீங்குகின்றன, தொண்டை அடைக்கின்றது, மூச்சு இழுக்கின்றது, தலை சுழன்று கீழே விழுகின்றார். எல்லா மாணவர்க்கும் இவ்வாறு நேர்வதில்லை. நூற்றில் ஒரு சிலர்க்கே நேரும். நஞ்சு ஒன்றே, விளைவு மட்டும் வேறாதல் என்னை? “அவருக்குப் பழகிப்போயிற்று” என்பது ஊரார் தரும் விடை. அது தவறான விடையன்று. ஆனால் முற்றுப்பெறாத விடை. பழக்கம் எங்கே தங்கியிருக்கின்றது? தோலிலா, நரம்பிலா, மனத்திலா?

இதற்கு விடை காணுமுன், கொட்டினால் எல்லார்க்கும் உண்டாகும் வலியையும், சிலர்க்கே உண்டாகும் ஒவ்வாமையையும் பிரித்தறிதல் வேண்டும். ஒரு தேனீ தன் கொடுக்கின் வாயிலாக ஏறத்தாழ 50 முதல் 140 மைக்ரோகிராம் வரை நஞ்சைச் செலுத்தும். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமின் பத்துலட்சத்தில் ஒரு பங்கு. அந்நஞ்சில் மெலிட்டின் என்பதும் பாஸ்போலைபேஸ் என்பதும் முதன்மையானவை. இவை உயிரணுக்களின் மெல்லிய உறையைச் சிதைத்து வலியையும் எரிச்சலையும் தருவன. இஃது நஞ்சின் நேரான செயல். முதியவர்க்கும் மாணவர்க்கும் பொது. மாணவரைக் கீழே வீழ்த்தியது நஞ்சன்று. அந்நஞ்சைக் கண்டு அவருடைய உடலே எழுப்பிய பெருங்கலகம். பிரெஞ்சு அறிஞராகிய ரிஷே என்பாரும் போர்ட்டியே என்பாரும் 1902-ஆம் ஆண்டில் கடற்பூவின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றிப் பார்த்தபோது இதனைக் கண்டனர். முதன்முறை ஏற்றிய நஞ்சைத் தாங்கிய நாய், சில வாரங்கள் கழித்து அதனினும் மிகச் சிறிய அளவு ஏற்றியவுடன் மாண்டது. காப்பு வளரும் என எதிர்பார்த்த இடத்திற் கேடு வளர்ந்தது! இவ்வாராய்ச்சிக்காக ரிஷே 1913-ல் நோபெல் பரிசு பெற்றார். உடலின் இத்தகைய மாறிய நிலைக்கு ‘அலர்ஜி’ என்னும் பெயரை 1906-ல் வழங்கியவர் வியன்னா நகரத்து மருத்துவராகிய பிர்க்கே. நாம் அதனை ஒவ்வாமை என்கின்றோம்.

கேடு செய்யும் பொருள் குருதியின் தெளிநீரில், அதாவது சீரத்தில், இருக்கின்றது என்று காட்டிய சோதனை மிக எளியது. மிகத் துணிவும் உடையது. ஜெர்மனியில் கூஸ்ட்னர் என்னும் மருத்துவர்க்கு மீன் ஒவ்வாது. சமைத்த மீனை உண்டால் உடல் அரித்து வீங்கும். அவருடைய நண்பராகிய பிரவுஸ்னிட்ஸ் மீன் உண்பதில் யாதோர் இடரும் இல்லாதவர். 1921-ல் கூஸ்ட்னரின் சீரத்தில் ஒரு துளியைப் பிரவுஸ்னிட்ஸ் தம் தோலினுள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றை ஏற்றினர். அவ்விடம் மட்டும் தடித்துச் சிவந்து அரித்தது. பக்கத்துத் தோலில் ஒன்றும் இல்லை. ஒருவருடைய ஒவ்வாமை ஒரு துளி நீரில் மற்றொருவருக்குச் சென்றுவிட்டது! பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஒவ்வாமை ஆராய்ச்சியெல்லாம் இந்தத் தோற்சோதனையையே நம்பி நடந்தது. பிறர் குருதிநீரால் மஞ்சட்காமாலை முதலிய நோய்கள் தொற்றும் என்னும் அச்சத்தால் இப்பொழுது இதனைச் செய்வதில்லை.

அத்துளியில் இருந்தது யாது? டென்வர் நகரத்தில் ஆராய்ந்த இஷிஸாக்கா தம்பதியர் 1966-லும், ஸ்வீடன் நாட்டு உப்ஸாலாவில் யோஹான்ஸன், பென்னிக் என்பார் 1967-லும் தனித்தனியே அதனைப் பிரித்தறிந்தனர். 1968-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பிற் கூடிய அறிஞர் அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயரிட்டனர். அந்நியப் பொருள்களை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களுள் இஃது ஒருவகை. சீரத்தில் இதன் அளவு மிகமிகச் சிறிது. ஒவ்வாமை இல்லாதவர்க்கு ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமிலும் குறைவு. அளவிற் சிறிதாயினும் இருக்குமிடத்தால் வலியது. தோல், மூச்சுக்குழல், குடல் ஆகியவற்றின் ஓரங்களில் மாஸ்ட் செல்கள் எனப்படும் அணுக்கள் உள்ளன. அவற்றின் வயிறு நிறைய ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் பொதிந்து கிடக்கும். ஐ.ஜி.ஈ. அவ்வணுக்களின் மேற்புறத்தில் வேல் நட்டாற்போல் ஊன்றி நிற்கும். நஞ்சின் துகள் ஒன்று வந்து அடுத்தடுத்துள்ள இரண்டு ஐ.ஜி.ஈ.க்களை ஒருங்கே பற்றி இணைத்தால், அவ்வணு தன் பொதியைக் கொட்டிவிடும். ஹிஸ்டமின் பாய்ந்தவுடன் நுண்குழல்கள் விரிந்து நீரைக் கசியவிடும், அதனால் வீக்கம். இரத்த அழுத்தம் தாழும், அதனால் மயக்கம். மூச்சுக்குழல் சுருங்கும், அதனால் மூச்சுத்திணறல். ஒன்றைமட்டும் வாசிப்பவர் மறவாதிருத்தல் வேண்டும்: துகள் இரண்டினை இணைத்தாலன்றி இவை நிகழா.

கொல்லிப்பாவையின் கதையை ஈண்டு நினையாதிருத்தல் எனக்கு இயலவில்லை. மலையைக் காக்க நிறுத்தப்பட்ட அப்பாவை, பகைவரைத் தன் நகையால் மயக்கிக் கொல்லும் என்பர். ஐ.ஜி.ஈ.யும் காவலுக்கு நின்றதுதான். குடற்புழுக்களை எதிர்த்தற்கு அது பயன்படும் என்பது நெடுநாளாகக் கூறப்படுவது. 2013-ல் எலிகளிடத்து நிகழ்ந்த ஆராய்ச்சிகளில், முன்னர்ச் சிறிதளவு தேனீ நஞ்சு பெற்ற எலிகள் பின்னர் வந்த பேரளவு நஞ்சைத் தாங்கியதற்கு இந்த ஐ.ஜி.ஈ.யே துணைநின்றது என்று காணப்பட்டது. எனவே இதனைப் படைப்பின் பிழை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அளவு மீறிய காவலே கொலையாகின்றது.

நிற்க. முதியவரைக் காத்த பொருளைத் தேடுவோம். அதன் வரலாறு தேனீயிலிருந்து தொடங்கவில்லை, மகரந்தத்திலிருந்து தொடங்குகின்றது. மேனாடுகளிற் புல்லும் களையும் பூக்கும் பருவத்தில் மகரந்தத்தூள் காற்றிற் பரவுங்கால், பலர் தும்மலாலும் நீரொழுக்காலும் துன்புறுவர். லண்டனிலுள்ள செயின்ட் மேரி மருத்துவமனையில் நூன் என்பவர் 1911-ல் அத்தூளின் சாற்றைச் சிறிது சிறிதாக ஊசியால் ஏற்றி, அளவைப் படிப்படியாக உயர்த்தி வந்தார். நோயாளர் பலர்க்குத் துன்பம் தணிந்தது. நூன் இளமையிலேயே இறந்தார். அவருடைய நண்பர் பிரீமன் அப்பணியைத் தொடர்ந்தார். மருத்துவம் பயன் தந்தது; காரணம் விளங்கவில்லை. ஐ.ஜி.ஈ. அழிந்துபோயிருக்கும் என்று எண்ணியோர் உளர். அப்பெயர் அப்பொழுது இல்லை; ரியாஜின் என்றனர். ஆனால் மருத்துவம் பெற்றவருடைய சீரத்தைச் சோதித்தால் ரியாஜின் அங்கேயே இருந்தது! பகைவன் ஊரைவிட்டுப் போகவில்லை. எனினும் போர் நின்றுவிட்டது.

நியூயார்க்கிலிருந்த குக் என்பாரும் அவருடைய துணைவரும் 1935-ல் இம்முடிச்சை அவிழ்த்தனர். அவர்கள் செய்தது இது: மகரந்த மருத்துவம் பெற்று நலமுற்றவருடைய இரத்தத்தை, அம்மருத்துவம் பெறாத நோயாளர்க்கு ஏற்றினர். அவர்களுக்கும் துன்பம் தணிந்தது. பின்னர்த் தோற்சோதனையால் அதனை உறுதிசெய்தனர். ஒவ்வாமையுடையவரின் சீரத்தை ஏற்றிய தோலில் மகரந்தச் சாற்றை மட்டும் ஏற்றினால் தடிப்பு எழுந்தது. மகரந்தச் சாற்றோடு மருத்துவம் பெற்றவரின் சீரத்தைக் கலந்து ஏற்றினால் தடிப்பு எழவில்லை. ஆகவே, நலமுற்றவரின் சீரத்தில் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருளும் இருந்தது; அதனைத் தடுக்கும் பொருளும் இருந்தது. ஒரே குருதியில் வாளும் கேடயமும் ஒருங்கே இருந்தன. இத்தடைப்பொருளையும் ரியாஜினையும் வேறுபடுத்திக் காட்டியவர் மேரி லவ்லெஸ் என்னும் பெண்மணியார். சீரத்தை 56 பாகை வெப்பத்தில் வைத்திருந்தால் ரியாஜின் அழிந்துபோம்; தடைப்பொருள் அழியாது நிற்கும் என்று அவர் 1940-ல் வெளியிட்டார். வெப்பத்தைத் தாங்கும் பொருள் ஒன்று, தாங்காப் பொருள் ஒன்று என்று இரண்டும் வேறு வேறு என்பது இதனால் ஐயமின்றி நிலைபெற்றது.

லவ்லெஸ் அம்மையார் பின்னர்க் கொட்டும் பூச்சிகளிடம் தம் கவனத்தைச் செலுத்தினார். அக்காலத்தில் தேனீ ஒவ்வாமைக்கு மருத்துவர் செய்துவந்தது யாதெனின், தேனீயை முழுதாக அரைத்து அச்சாற்றை ஊசியால் ஏற்றுவதே. தலை, கால், சிறகு, வயிறு எல்லாம் சேர்த்து அரைத்தால் அதில் நஞ்சின் அளவு எத்துணையாகும்! நஞ்சுப்பையை மட்டும் பிரித்தெடுத்து மருந்தாக்கல் வேண்டும் என்று அவர் 1950-களிலேயே கூறினார், கேட்பார் சிலரே. முழுத்தேனீச் சாற்று மருத்துவம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நடந்தது. 1974-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில், முழுத்தேனீச் சாற்றாற் பயன்பெறாத ஒரு சிறுவனுக்கு நஞ்சையே சிறுகச் சிறுக ஏற்றி நலங்கண்டனர். 1978-ல் அதே இடத்தில் முறையான சோதனை ஒன்று நிகழ்ந்தது. ஒவ்வாமையுடையாரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குத் தூய நஞ்சும், மற்றொரு பிரிவினர்க்கு முழுப்பூச்சிச் சாறும், மூன்றாம் பிரிவினர்க்கு மருந்தற்ற வெறும் நீர்மமும் ஏற்றினர். பின்னர் மருத்துவர் அருகிருக்கப் பூச்சியைக் கொட்டவிட்டனர். வெறும் நீர்மம் பெற்ற 12 பேரில் 7 பேர்க்கு ஒவ்வாமை உண்டாயிற்று. முழுப்பூச்சிச் சாறு பெற்ற 11 பேரில் 7 பேர்க்கு உண்டாயிற்று. தூய நஞ்சு பெற்ற 18 பேரில் ஒருவர்க்கே உண்டாயிற்று. ஐம்பது ஆண்டுகள் காப்பென்று நம்பியிருந்தது வெறும் நீர்மத்தினும் சிறந்ததன்று என்பது இவ்வொரு சோதனையால் வெளிப்பட்டது. அம்மையாரின் சொல்லை முன்னரே கேட்டிருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

அவ்வாண்டிலேயே அவ்வாராய்ச்சியாளர் வெளியிட்ட மற்றொரு சோதனைதான் நம் கொல்லிமலை முதியவர்க்கு மிக அணுக்கமானது. பன்னாள் கொட்டுண்டு பழகிய தேனீ வளர்ப்போரின் குருதியிலிருந்து எதிர்ப்பொருள் மிக்க பகுதியைப் பிரித்தெடுத்து, ஒவ்வாமையுடையார்க்கு ஏற்றினர். பின்னர் அவர்களுக்கு நஞ்சைச் செலுத்திப் பார்த்தபோது, அவர்கள் அதனைத் தாங்கினர். ஊரார் கூறும் ‘பழக்கம்’ தோலிலும் இல்லை, மனத்திலும் இல்லை. புட்டியில் அடைத்து ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குக் கொடுக்கத்தக்க பொருளாகக் குருதியில் இருக்கின்றது என்பது இதனாற் பெறப்பட்டது. ஆனால் கடன்வாங்கிய காப்பு நெடுநாள் நில்லாது. அவ்வகை எதிர்ப்பொருளின் அளவு மூன்று வாரத்திற்கு ஒருமுறை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துபோம். முதியவரின் உடல் அதனை நாடோறும் புதிதாக ஆக்கிக்கொண்டிருப்பதனாலேயே அவர்க்குக் காப்பு நிலைக்கின்றது.

அத்தடைப்பொருள் ஐ.ஜி.ஜி. என்னும் வகையைச் சேர்ந்தது. அதனுள்ளும் நான்காம் உள்வகை, ஐ.ஜி.ஜி. 4 என்பது, சிறப்புடையது. சாதாரணமாக ஐ.ஜி.ஜி. முழுவதிலும் இவ்வுள்வகை நூற்றுக்கு ஐந்து பங்கிலும் குறைவே. ஆண்டுக்கணக்கில் ஒரே பொருள் உடலுட் புகுந்துகொண்டிருந்தால், அப்பொருளுக்கெதிராக இவ்வுள்வகையே மேலோங்கும் என்பதை நெதர்லாந்து நாட்டு ஆல்பெர்ஸ் என்பார் 1983-ல் வெளியிட்டார். தேனீ வளர்ப்போர் அதற்குச் சிறந்த சான்றாயினர். இதன் செயல் முறையை எளிதாக இவ்வாறு கூறலாம். நஞ்சுத்துகள் மாஸ்ட் செல்லை அடையுமுன்னரே ஐ.ஜி.ஜி. 4 வழிமறித்துப் பற்றிக்கொள்கின்றது. வேலாக ஊன்றிய ஐ.ஜி.ஈ.க்குப் பற்றுதற்கு இடம் எஞ்சுவதில்லை. ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருள், அணுவின் மேலுள்ள வேறோர் ஏற்பியைத் தொட்டு, ‘பொதியைக் கொட்டாதே’ என்று அடக்கும் குறிப்பையும் தருகின்றது. வியப்பான செய்தி ஒன்று 2007-ல் வெளிவந்தது. எதிர்ப்பொருள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கைகள் உண்டு. இரண்டும் ஒரே பொருளைப் பற்றுவன. ஐ.ஜி.ஜி. 4 மட்டும் தன்னைப் பாதியாகப் பிரித்து, தன்னினத்து வேறொன்றின் பாதியோடு இணைந்துகொள்ளும் இயல்புடையது. அதனால் ஒரு கை தேனீ நஞ்சையும் மறு கை வேறேதோ ஒன்றையும் பற்றும். ஒரு கையாற் பற்றுவது துகள்களை ஒன்றோடொன்று கோத்துப் பெருமுடிச்சாக்காது. எனவே புதிய வீக்கத்தையோ அழற்சியையோ தூண்டாது. கலகம் அடக்கச் சென்ற காவலன் தானே கலகம் செய்யாதிருத்தல் எத்துணை நன்று!

இதுவரை கூறியவற்றைக் கேட்ட ஒருவர், ‘அங்ஙனமாயின் தேனீக்களாற் கொட்டுண்பதே ஒவ்வாமைக்கு மருந்து, ஆண்டுக்குப் பத்துமுறை கொட்டுண்டாற் போதும்’ என்று முடிவுசெய்யக்கூடும். அம்முடிவு உயிருக்கே கேடு. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 1980-களில் தேனீ வளர்ப்போரை ஆராய்ந்தபோது, ஆண்டிற்கு 25 கொட்டுக்குக் குறைவாகப் பெறுவோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் உடல் முழுதும் பரவும் ஒவ்வாமையை அனுபவித்தவர்களாக இருந்தனர். 200 கொட்டுக்கு மேற்பெறுவோருள் ஒருவர்க்கும் அது நேரவில்லை. எனவே கொட்டே படாதவர்க்கும் நூற்றுக்கணக்கிற் படுபவர்க்கும் நடுவே ஓர் இடருடைய இடைவெளி உண்டு. எப்பொழுதோ ஒரு கொட்டு, பின்னர் நெடுநாள் இடைவெளி, மீண்டும் ஒரு கொட்டு என்று வந்தால், உடல் ஐ.ஜி.ஈ.யை ஆக்கிக்கொள்ளும், தடைப்பொருளை ஆக்குதற்குப் போதிய தூண்டுதல் கிட்டாது. இதனால் தேன் எடுப்பாரைவிட அவர் குடும்பத்தாரே மிகுந்த இடரில் இருக்கின்றனர். அடையைப் பிழியும் மனைவி, கொட்டுப்பட்ட துணியைத் துவைக்கும் தாய், அடுப்பங்கரையில் தேனடையைச் சுவைக்கும் குழந்தை ஆகியோரை எப்பொழுதோ ஒருமுறைதானே தேனீ கொட்டும்? மேனாட்டுத் தேனீ வளர்ப்போர் குடும்பங்களில் ஒவ்வாமை மிகுதியாகக் காணப்படுதல் மருத்துவர் அறிந்த செய்தி. தந்தைக்கு ஒன்றும் ஆகாதது மகனைக் கொல்லக்கூடும்; தந்தையின் குருதியிலுள்ள காப்பு மகனுக்கு மரபாக வருவதன்று. தாயின் ஐ.ஜி.ஜி. கருப்பையில் குழந்தைக்குச் செல்லுமாயினும், பிறந்த சில திங்களில் அது தேய்ந்துபோம்.

குடற்புழுவைப்பற்றி ஒரு சொல். செருப்பின்றி நடந்து குடற்புழுவேறிய மக்களிடத்து ஐ.ஜி.ஈ. மிகுதியாயிருந்தும் ஒவ்வாமை நோய்கள் குறைவாயிருத்தலைப் பலர் கண்டனர். புழுவால் உண்டான ஐ.ஜி.ஈ. மாஸ்ட் செல்களின் இருக்கைகளையெல்லாம் நிறைத்துவிடுவதால், வேறு ஐ.ஜி.ஈ.க்கு இடமில்லாது போகின்றது என்று 1970-களில் ஒரு கருத்து எழுந்தது. அஃது இப்பொழுது அவ்வளவாக ஏற்கப்படுவதில்லை. ஆப்பிரிக்காவிலுள்ள காபோன் நாட்டுச் சிறுவரை ஆராய்ந்தோர் 2000-ல் வெளியிட்ட செய்தி, புழுவேறியவர் உடலில் மிகும் இன்டர்லூகின் 10 என்னும் அடக்கும் பொருளைச் சுட்டுகின்றது. தேனீ வளர்ப்போர் உடலிலும் இதே பொருள் தொழிற்படுதலைக் கீழே காண்க. ஆனால் இதனைக் காட்டிப் புழுவை வளர்க்கலாம் என்பது, வீட்டில் திருடன் வருகின்றான் என்று பாம்பை வளர்ப்பது போலாம்.

தடைப்பொருள் எல்லா இடரையும் தடுக்கும் என்றும் எண்ணற்க. மலைத்தேனீக்கூட்டம் கலைந்து நூற்றுக்கணக்கில் வந்து மொய்த்துக் கொட்டினால், அங்கே கொல்வது ஒவ்வாமை அன்று, நஞ்சின் மிகுதியே. அவ்விடத்துத் தடைப்பொருள் பெரும்பயன் தராது. மற்றொன்று: அது தேனீ நஞ்சுக்கென்றே அமைந்தது. கதண்டின் நஞ்சு வேறு; அதிலுள்ள புரதங்களும் பெரும்பாலும் வேறு. தேனீயிடம் அஞ்சாத முதியவர் ஒரு கதண்டுக் கொட்டால் மயங்கி விழக்கூடும்.

இனி, 70 வளைவுகளுக்கு வருவோம். பூச்சி நஞ்சின் ஒவ்வாமையால் இறந்தாரைப்பற்றி இங்கிலாந்தில் எடுத்த கணக்கு 2000-ல் வெளிவந்தது. கொட்டுப்பட்டதிலிருந்து மூச்சோ இதயமோ நிற்பதற்குச் சென்ற நேரம் நடுத்தரமாக 15 நிமிஷம். காரவள்ளிப் பாதையில் எந்த வண்டியும் 15 நிமிஷத்தில் அடிவாரத்தை அடையாது. எனவே கொட்டுப்பட்டவரை நாமக்கல்லுக்கோ சேலத்திற்கோ கொண்டுசெல்லலாம் என்று புறப்படுதல் மட்டும் போதாது. மருந்து மலைமேலேயே கிடைத்தல் வேண்டும். அம்மருந்து அட்ரினலின். ஹிஸ்டமின் விரித்த குழல்களைச் சுருக்கி, சுருங்கிய மூச்சுக்குழலை விரிப்பது அதுவே. வயது வந்தோர்க்கு அரை மில்லிகிராம் தொடையின் வெளிப்புறத் தசையில் ஏற்றுவர். அது விலையுயர்ந்த மருந்தன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கத்தக்கதே. மலைக்குச் செல்லும் மாணவர் கூட்டத்தார், எந்த நிலையத்தில் அது உள்ளதென்று ஏறுமுன் கேட்டறிந்துகொள்ளுதல் நன்று. கொட்டியவுடன் கொடுக்கை உடனே நீக்கிவிடல் வேண்டும். நகத்தாற் சுரண்டுவதா, விரலாற் பிடுங்குவதா என்று ஆராய்ந்துகொண்டிராது எவ்வாறேனும் நீக்குக. கொடுக்கோடு ஒட்டிய பை தானே சுருங்கி நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். பெரும்பகுதி 20 நொடிக்குள் இறங்கிவிடும். சுண்ணாம்பு தடவுதலும் வெங்காயம் தேய்த்தலும் ஒருவேளை எரிச்சலைத் தணிக்கலாம். தொண்டை அடைத்தவர்க்கு அவற்றாற் பயனில்லை. மயங்கியவரைக் கிடத்திக் கால்களை உயர்த்தி வைத்தல் வேண்டும். எழுப்பி நடத்துதல் கூடாது. ஒருமுறை உடல் முழுதும் ஒவ்வாமை கண்டவர், மறுமுறை இன்னும் கொடிதாகலாம் என்பதை அறிந்து மருத்துவரிடம் செல்லுக. நஞ்சு மருத்துவம் 3 முதல் 5 ஆண்டு வரை நடப்பது. அதில் நிலையாக ஏற்றும் அளவு 100 மைக்ரோகிராம். முதியவர் மால்பின்மேல் பெற்றதனையே மருத்துவர் ஊசியால், அளந்து, காவலோடு தருகின்றனர் எனலாம்.

ஸ்விட்ஸர்லாந்தில் தேனீ வளர்ப்போரை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, இக்காப்பு எத்துணை விரைவில் எழுந்து எத்துணை விரைவில் தணிகின்றது என்பதைக் காட்டுகின்றது. பருவம் தொடங்கி முதற் கொட்டுகள் பட்ட ஏழு நாட்களுக்குள், நஞ்சை அறிந்த டி அணுக்கள் இன்டர்லூகின் 10 சுரக்கும் அடக்கும் அணுக்களாக மாறின. அவை தூண்டும் இப்பொருள் ஐ.ஜி.ஜி. 4-ஐ ஆக்கும்படி குருதியணுக்களை ஏவுவது. பருவம் முடிந்து இரண்டு மூன்று திங்களில் அவ்வணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பின. குருதியிலுள்ள ஐ.ஜி.ஜி. அவ்வளவு விரைவிற் குறையாதாயினும், கொட்டு நின்றால் சில ஆண்டுகளில் அதுவும் தேய்கின்றது. தேனீ வளர்ப்போர் பலரும் ஆண்டின் முதற்கொட்டுக்குக் கை வீங்குதலையும், பருவத்தின் கடைக்கூற்றில் வீக்கமே இல்லாதிருத்தலையும் தம் அனுபவத்தால் அறிந்திருக்கின்றனர், காரணம் இதுவே. மலையிற் பிறந்து, இளமையில் தந்தையோடு தேனெடுத்து, பின்னர் வேலை தேடிச் சமவெளி நகரத்திற்குச் சென்று, பத்தாண்டு கழித்து ஊருக்குத் திரும்பும் இளைஞனிடம் இதனைச் சொல்லி வைத்தல் நன்று. அவன் ஏறும் பாறை பழைய பாறை. அவனுக்குத் தெரிந்த புகைமூட்டும் வித்தையும் பழைய வித்தை. குருதி மட்டும் இடையிலே மாறியிருக்கின்றது. முதல் நாள் அவனைக் கொட்டும் தேனீ, ஆண்டிற்கு 25 கொட்டுக்கும் குறைவாகப் பெறுவோருள் ஒருவனையே கொட்டுகின்றது.